பராமரிக்கப்படுவது எது? வீட்டுத் துப்பாக்கி குறித்துச் சில குறிப்புகள்

1

அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர். போன வருஷம் அவன் வீட்டில் நாற்பது நாள் தங்கியிருந்தேன். ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாறு துப்பாக்கிப் பத்திரிகைகளையும் இரண்டு விலைப்பட்டியல்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, செமி ஆட்டோமாட்டிக் ரைஃபிள் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். வீட்டுப் பாதுகாப்புக்கு. ரொம்பத் தொடச்சு எண்ணெ போட்டுக்கிட்டு இருக்க முடியாது, பராமரிப்பு சுளுவா இருக்கணும். எதை எடுக்கலாம்னு நீங்களும் படிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன். நீங்கதான் எதைக் கண்டாலும் 'பிரதி'ன்னு சொல்லி வாசிக்கிறவராச்சே."

கேலிதான். ஆனால் வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பு.

பக்கத்துத் தெருவில் ஒரு காரின் கண்ணாடியை உடைத்து ஏதோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சம்பவத்துக்கும் மேசைமேல் கிடந்த பத்திரிகைகளுக்கும் இடையே ஒரு கதையாடல் இருக்கிறது. ஒரு வீடு, நடுராத்திரி, உள்ளே தூங்கும் மனைவி மக்கள், கதவருகே முகமில்லாத ஒருவன், விழித்தெழும் குடும்பத் தலைவன். துப்பாக்கி வாங்குவோருக்கான கையேடு இந்தக் கதையை ஒருபோதும் முழுசாகச் சொல்வதில்லை. சொல்லாமலே அது நம்மிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு, நேராக விடைக்குப் போகிறது: எந்தத் துப்பாக்கி? குழல் எத்தனை அங்குலம்? 'எதற்கு' என்ற கேள்வி 'எது' என்பதற்குள் கரைந்துபோகிறது. பயம் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாக மாற்றப்பட்டுவிட்டால் அதற்குத் தொழில்நுட்பத் தீர்வு உண்டு, விலையும் உண்டு.

2

சரி, கையேட்டை அதன் தளத்திலேயே மதித்து வாசிப்போம். செமி ஆட்டோமாட்டிக் என்றால் விசையை ஒருமுறை அழுத்த ஒரு தோட்டா. சுடுவதில் பிறக்கும் வாயுவின் அழுத்தமோ பின்னுதைப்போ காலித் தோட்டாவை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றிவிடும். மறுபடி அழுத்துவது மட்டுமே மனித வேலை.

வரிசையில் முதலில் நிற்பது ஏஆர் 15. ஆர்மலைட் கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் 1950களின் கடைசியில் வடிவமைத்தது. 'ஏஆர்' என்பது அந்தக் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. 1959ல் கோல்ட் கம்பெனி உரிமையை வாங்கி, 1964ல் பொதுமக்களுக்கான வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராணுவத்துக்குப் போனது எம் 16. இரண்டு ஊசிகளைத் தள்ளினால் துப்பாக்கி இரண்டாகத் திறந்துகொள்ளும். இவர்கள் செய்த பாகம் அவர்கள் செய்ததில் பொருந்தும். இதன் ஒரு குறை, வாயு நேரே இயங்கும் பகுதிக்குள்ளேயே வந்து கரியைப் படியவிடுவது. ஏகே வகையில் நீண்ட பிஸ்டன் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. பாகங்களுக்கு நடுவே இடைவெளி தாராளம். அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். மரக்கட்டையோடு பண்ணைத் துப்பாக்கி மாதிரி இருக்கும் ரூகர் மினி 14 இன்னொன்று. சைமனோவ் வடிவமைத்த எஸ்கேஎஸ் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது. அதற்குப் பழைய ராணுவத் தோட்டாக்களைப் போட்டால் அவற்றின் பற்றவைப்பு மருந்து குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அதை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும்.

அடுத்து சுவர். அமெரிக்க வீட்டு உட்சுவர் நம்மூர்ச் செங்கல் சுவர் இல்லை. பெரும்பாலும் மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. ஏஆர் 15ன் வழக்கமான தோட்டாமுனை நாலு கிராம்கூட இருக்காது, ஆனால் நொடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்கும் வேகம். இலேசாகவும் வேகமாகவும் இருப்பதால் எதிலாவது பட்டதும் புரண்டு சிதறும். எனவே கனத்த கைத்துப்பாக்கித் தோட்டாவைவிட இது சுவர் தாண்டிப் போகும் ஆபத்து குறைவு என்று கையேடுகள் வாதிடுகின்றன. தொழில்நுட்ப ரீதியாக இதில் நியாயம் உண்டு, சரியான வகைத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தால். ஆனாலும் மனிதனைக் கொல்லப் போதுமான எந்தத் தோட்டாவும் இரண்டு மூன்று ஜிப்சம் சுவர்களைத் தாண்டும். நான் படுத்திருந்த அறைக்கும் அவனுடைய பதினாலு வயசுப் பையன் படுத்திருந்த அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கையேட்டின் வரைபடத்தில் வீட்டைச் சுற்றி எதிரி இருக்கிறான். வீட்டுக்குள் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதற்கு வரைபடம் இல்லை.

3

பராமரிப்பு. மருமகன் கேட்டதில் என்னைத் தடுத்து நிறுத்திய சொல் இதுதான். சலவைத்தூள் விளம்பரத்தை ரொலாண் பார்த் வாசித்துக் காட்டியபோது, சுத்தம் என்பது எத்தனை கதைகளைச் சுமக்கும் சொல் என்று நமக்குத் தெரியவந்தது. துப்பாக்கியைச் சுத்தம் செய்வது அதைவிடக் கனமான கதை.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். பாயின்ட் டூ டூ ரைஃபிள். குழலுக்குள் கயிறு விட்டு, எண்ணெய்த் துணியை இழுத்துத் துடைக்க வேண்டும். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஹவில்தார் தினமும் சொல்வார்: "இதுதாண்டா உன் பொண்டாட்டி. அழுக்கா வச்சுக்கிட்டா கைவிட்டுடுவா." சிரிப்போம். பல வருஷம் கழித்துத்தான் அந்தச் சிரிப்பின் சர்வதேச வம்சாவளி தெரிந்தது.

எம் 16 வியட்நாமுக்குப் போனபோது அதைப் பெரிதாகச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்ற பேச்சும் கூடவே போயிற்று. சுத்தம் செய்யும் கருவிகள் போதுமான அளவு போகவில்லை. இதற்கிடையில் தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள். அது அதிகக் கரி படிய வைத்தது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. சண்டைக்கு நடுவில் துப்பாக்கி அடைத்துக்கொண்டு சிப்பாய்கள் செத்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு 1967ல் இதை விசாரித்துக் கண்டித்தது. அதன் பிறகு குரோமியம் வந்தது, கருவிகள் வந்தன. வில் ஐஸ்னர் என்ற பெரிய சித்திரக்கதைக் கலைஞரைக் கொண்டு ராணுவம் ஒரு பராமரிப்புக் கையேட்டை வண்ணப் படக்கதையாக வெளியிட்டது. அதில் துப்பாக்கி ஒரு பெண். அதைக் கழற்றுவது என்பது அவளைக் களைவது. இருபது வயதுப் பையன்கள் துடைக்க மறக்காமலிருக்கப் பெண்ணுடலைக் கடன் வாங்கினார்கள். எங்கள் ஹவில்தாருக்கு அந்தப் படக்கதை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆண்களின் படைமுகாம்களுக்கு அது தேவையுமில்லை.

ஆக, 'சுளுவான பராமரிப்பு' என்ற ஆசைக்கு ஒரு பிண வரலாறு இருக்கிறது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே வியட்நாமில், ஏகே அழுக்கைப் பொறுத்துக்கொள்வது ஒரு வர்க்கப் பொருள் கொண்டதாக இருந்தது. தொழிற்சாலைப் பயிற்சி இல்லாத கை, சேறு, மழை, எண்ணெய்ப் பற்றாக்குறை எல்லாவற்றுக்கும் நடுவே இயங்கும் ஆயுதம். மொசாம்பிக் அதைத் தன் கொடியிலேயே வைத்தது. இன்று அதே குணத்தை டெக்சாஸ் விலைப்பட்டியல் விற்கிறது: வாங்கி அலமாரியில் போட்டு மறந்துவிடுங்கள், தேவைப்படும் ராத்திரியில் சுடும். விவசாயப் போராளியின் வறுமைக்குப் பொருந்திய குணம் புறநகர்க்காரனின் நேரமின்மைக்குப் பொருந்துகிறது. பொருள் அப்படியே இருக்க, குறியீடு கட்சி மாறிவிட்டது. இதில் நம்மவர்கள் பலருக்கு வருத்தம் வரலாம். எனக்கு வந்தது. வடிவமைத்த கலாஷ்னிகோவே கடைசிக் காலத்தில், 2012ல், ரஷ்யத் திருச்சபையின் தலைவருக்குத் தன் மனவேதனையை எழுதினார் என்பதையும் அந்த வருத்தத்தோடு சேர்த்துக்கொள்வோம்.

4

துப்பாக்கியைக் குறியீடாக வாசித்தது நாம் மட்டுமில்லை, அமெரிக்கச் சட்டமும்தான். 1994ல் கிளிண்டன் கையெழுத்திட்ட தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம் பல மாதிரிகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்ற ரைஃபிள்களை அவற்றின் அடையாளங்களை வைத்துத் தடுத்தது. கழற்றி மாட்டும் மேகசின் உள்ள ரைஃபிளில் மடக்கும் பின்கட்டை, கைத்துப்பாக்கி போன்ற பிடி, துப்பாக்கிக் கத்தி மாட்டும் கொக்கி, தீச்சுடரை மறைக்கும் முனை, எறிகுண்டு செலுத்தி ஆகியவற்றில் ஏதாவது இரண்டு இருந்தால் அது தடை செய்யப்பட்டது. ராணுவம் போலத் தோன்றுவது குற்றம். உற்பத்தியாளர்கள் நம்மைவிட நல்ல குறியியலாளர்கள். கொக்கியை வெட்டினார்கள், முனையை நீக்கினார்கள், அதே இயக்கத்தை வேறு பெயரில் விற்றார்கள். பத்தாண்டுகள் கழித்து 2004ல் சட்டம் காலாவதியானது.

அந்தச் சட்டத்தில் தடைக்கு வெளியே நிற்கும் துப்பாக்கிகள் என்றொரு பெயர்ப்பட்டியலும் இருந்தது. மடக்கும் கட்டை இல்லாத மினி 14 அதில் இருந்தது. ஏஆர் 15 சுடும் அதே வகைத் தோட்டாவைத்தான் இதுவும் சுடும். மரக்கட்டையோடு, தாத்தா வீட்டுத் துப்பாக்கி மாதிரி அப்பாவியாக நிற்கும். சட்டம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1989 டிசம்பர் 6ல் மாண்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் ஒருவன் நுழைந்து, ஒரு வகுப்பறையில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து நிற்க வைத்து, பெண்ணியவாதிகள் மேல் தனக்குள்ள வெறுப்பைச் சொல்லிவிட்டுச் சுட்டான். பதினாலு பெண்கள் செத்தார்கள். அவன் கையில் இருந்தது மினி 14. வடிவத்தின் சாதுத்தனத்தை நம்பும் வாசிப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

5

இனி 'வீடு'. ஒருவனின் வீடு அவனுடைய கோட்டை என்ற கருத்துக்கு 1604ன் ஓர் ஆங்கிலேய வழக்கை மூலமாகக் காட்டுவார்கள். கோட்டை என்றால் வெளியே நிற்பவன் முற்றுகையிடுபவன். உருவகம் முடிவெடுத்துவிட்டது.

1992 அக்டோபர் 17. லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ். யோஷிஹிரோ ஹட்டோரி என்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகிறான். வேஷம் போட்டிருக்கிறான், கூட நண்பன். வீட்டு எண்ணைத் தவறாகப் பார்த்து வேறு வீட்டு மணியை அடிக்கிறார்கள். கதவு திறந்து மூடுகிறது. திரும்பி நடக்கிறார்கள். பக்கக் கதவு திறந்து, பெரிய ரிவால்வரோடு வீட்டுக்காரன் வந்து 'ஃப்ரீஸ்' என்று கத்துகிறான். அந்த ஒற்றைச் சொல்லுக்கு 'அசையாதே' என்று பொருள் கொள்ளுமளவுக்குப் பையனுக்கு அமெரிக்கா பழகவில்லை. விருந்துக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டே முன்னால் வருகிறான். ஒரு குண்டு.

போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலையாகிறான் என்றார் அல்தூஸர். நாம் இதை எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். விளி புரியாதவனுக்கு என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு அடங்கத் தெரியாத உடல் 'ஊடுருவியவன்' என்ற காலி இடத்தில் போய் விழுகிறது. 1993ல் ஜூரி வீட்டுக்காரனைக் குற்றமற்றவன் என்றது. அடுத்த வருஷம் உரிமையியல் நீதிமன்றம் அவனைப் பொறுப்பாக்கி ஆறரை லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது.

இது ரிவால்வர், செமி ஆட்டோமாட்டிக் ரைஃபிள் இல்லை என்பார்கள். உண்மை. ஆனால் ஆயுதம் மாறினாலும் கதை மாறுவதில்லை. மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் பேசவில்லை. அவன் மனைவி சொன்னாள்: "ராத்திரி நம்ம வீட்டு மணியை யாராவது தப்பா அடிச்சா பயப்படுறோம் சித்தப்பா. நாம யார் வீட்டு மணியையாவது தப்பா அடிச்சாத்தான் அவங்க கண்ணுக்கு நாம யாருன்னு தெரியும்." அவள் எந்தக் கோட்பாடும் படித்தவள் இல்லை.

6

இங்கே தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஒடுக்கப்பட்டவன் கையில் துப்பாக்கி இருப்பதையும் இப்படித்தான் பேசுவாயா? நிராயுதபாணியாக இரு என்பது எப்போதும் ஆயுதம் வைத்திருப்பவனின் உபதேசமாயிற்றே?

வரலாறு தோழர்கள் பக்கம் இருக்கிறது. 1892ல் மெம்ஃபிஸில் தன் நண்பரும் கூட இருந்தவர்களும் கும்பலால் கொல்லப்பட்ட பிறகு, ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் ரைஃபிளுக்கு ஒரு மரியாதையான இடம் வேண்டும் என்று எழுதினார் ஐடா பி. வெல்ஸ். 1956ல் வீட்டில் குண்டு வெடித்த பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார். மறுத்தார்கள். 1964ல் லூசியானாவில் தொடங்கிய 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' அமைப்பு சிவில் உரிமைத் தொண்டர்களைத் துப்பாக்கியோடு காவல் காத்தது. கறுஞ்சிறுத்தைகள் தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளோடு போலீஸைப் பின்தொடர்ந்தபோது, 1967ல் கலிபோர்னியாவில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

ஆனால் டீக்கன்ஸை மறுபடி பாருங்கள். அவர்கள் ஒரு வீட்டுக்கு ஒரு ஆளாக இருட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. முறை வைத்து, தெரு பிரித்து, ஒருவர் வீட்டை இன்னொருவர் காத்தார்கள். வந்தவன் யார், அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே முதலில் பராமரிக்கப்பட்டது அந்த உறவு. விலைப்பட்டியல் விற்பது அந்த உறவு கழிந்த பிறகு மிஞ்சும் இரும்பை.

தனி வீடும் தனித் துப்பாக்கியும் கறுப்பு உடலுக்கு என்ன தரும் என்பதற்கு 2020 மார்ச் 13 நடுராத்திரி சாட்சி. லூயிவில் நகரில் பிரியானா டெய்லரின் வீட்டுக் கதவைப் போலீஸ் உடைத்தது. ஊடுருவியவர்கள் என்று நினைத்து அவருடைய காதலர், உரிமம் உள்ள தன் கைத்துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். கையேடு சொன்னதைத்தான் செய்தார். போலீஸ் 32 முறை சுட்டது. பிரியானா செத்தார். கொலை முயற்சி வழக்கு முதலில் அந்தக் காதலர்மேல் பாய்ந்தது, பிறகு கைவிடப்பட்டது. அந்த செப்டம்பரில் அம்மாநில கிராண்ட் ஜூரி ஒரே ஒரு அதிகாரிமேல் குற்றம் சாட்டியது. எதற்கு? அவருடைய தோட்டாக்கள் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆபத்து விளைவித்ததற்கு. அதிலும் அவர் 2022ல் விடுதலையானார். பிரியானாவின் உரிமையை மீறினார் என்று 2024ல் மத்திய வழக்கில்தான் அவர் குற்றவாளியானார். சுவருக்கு முதல் நியாயம், உடலுக்கு அப்புறம். 'வீட்டுப் பாதுகாப்பு' என்னும் சொல்லாடலில் எல்லாருடைய வீடும் வீடாக எண்ணப்படுவதில்லை.

7

கடைசியாகக் கணக்கு. ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993ல் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் ஆபத்து இல்லாத வீட்டைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு என்றது. பெரும்பாலும் கொல்பவர் குடும்பத்தவர் அல்லது நெருங்கியவர். ஆய்வு முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. பதில் ஆய்வு செய்வதற்குப் பதிலாக, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பொதுச் சுகாதார நிதியைச் செலவழிக்கக்கூடாது என்று 1996ல் காங்கிரஸ் விதித்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் துறையே ஏறக்குறைய முடங்கிற்று. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. எந்தக் கையேட்டின் வரைபடத்திலும் வராத ஊடுருவல் இது. உள்ளே இருப்பவன் உள்ளே இருப்பவனைச் சுடுவது.

பூட்டி வை என்று சொல்லலாம். தோட்டாவைத் தனியே வை என்று சொல்லலாம். பூட்டிய துப்பாக்கி நடுராத்திரிக்கு உதவாது என்று கதை பதில் சொல்லும். வீட்டில் வைக்கும் துப்பாக்கி பூட்டியோ கழற்றியோ இருக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008ல் ஹெல்லர் வழக்கில் இதே தர்க்கத்தில்தான் செல்லாததாக்கியது. பூட்டினால் பாதுகாப்பு இல்லை, திறந்தால் பையன் இருக்கிறான். எந்த மாதிரியை வாங்கினாலும் இந்த முரண் கூடவே வரும். இதற்குக் குரோமியப் பூச்சு கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மருமகன் மறுபடி கேட்டான். "கடைசில எதுதான் மாமா?"

"எதுன்னு மட்டும் கேட்டா, குழலுக்குக் குரோமியம் போட்ட ஏஆர். வருஷத்துல நாலு தடவை துடைச்சா போதும். நீ வாசிக்கச் சொன்னே, வாசிச்சிட்டேன். ஆனா அதை எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கதையையும் சேத்துத் துடைச்சுப் பளபளன்னு வைப்படா. துரு பிடிக்க விடமாட்டே."

"அப்ப வேண்டாங்கிறீங்க."

"உன் பையன் அறை எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்றேன். அப்புறம் நீ முடிவு பண்ணு."

அவன் பத்திரிகைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனான். வாங்கினானா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் எண்பதுகளில் நான் எழுதிய கவிதைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்று கவிதைகளில் துப்பாக்கி வருகிறது. ஒன்றில் பூக்கிறது, ஒன்றில் பாடுகிறது, ஒன்றில் விடிகிறது. மூன்றிலும் அது யார் வீட்டில் இருந்தது, யார் துடைத்தார்கள், பக்கத்து அறையில் யார் தூங்கினார்கள் என்று ஒரு வரி இல்லை.